மாயெபூரில் நாங்கள் பெண் பார்க்காத கதை

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது எட்டு, நாத்தனார் போன பிறகு அவள் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து வளர்த்தது பதினொன்று. பதினொன்றும் ஆளாகி, அவரவர் சோற்றை அவரவர் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். நான் வளர்த்த காலத்தில் யாரும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் செய்வது சரியா தப்பா என்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. அப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் உண்டு என்பதே மொரீஷியஸ் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் வராது. ஆகவே நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி வள்ளி. இலக்கணம் அவளுடையது, விஷயம் என்னுடையது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கடைக்குட்டி சிவகாமியின் வீட்டுக்காரர் அந்தத் தீவில் தமிழ் வாத்தியார். வடக்கே குட்லண்ட்ஸ் என்ற ஊரில் குடியிருப்பு. சிவகாமி அங்கே ஒரு சமூக நல நிலையத்தில் ஆலோசகி வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார் மருமகள் சண்டை, அப்பா பெண்ணை வெளியே விடமாட்டேன் என்கிற சண்டை, இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடிப்பதை மேலே இருப்பவர்கள் பார்த்துத் தேர்ச்சி கொடுக்க வேண்டும். முதல் சோதனையில் அவள் தேறவில்லை. இரண்டாவதிலும் தேறாவிட்டால் வேலை கிடையாது. மாப்பிள்ளையின் ஒப்பந்தமோ அடுத்த வருஷத்தோடு சரி. இவளுக்கு வேலை நிலைத்தால்தான் குடும்பம் அங்கே நிலைக்கும். கையில் ஆறு மாதக் குழந்தை வேறு. "அம்மா, நீ வந்து பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். போனேன்.

கப்பலில் வாந்தி எடுத்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவதில்லை.

முதல் நாள் துறைமுகத்திலிருந்து குட்லண்ட்ஸ் போகிற பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பக்கமும் கரும்பு. காரைக்காலில் வயலைப் பார்த்தால் கடைசி வரப்பு வரை கண் போகும். இங்கே கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்று எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. ஊர் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "அத்தை, இது காத்தோ பிமா. இந்த ஊர்ப் பலகாரம். சாப்பிட்டுப் பாருங்க" என்றார். கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடை. கொஞ்சம் சிறிசு, அவ்வளவுதான். அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் திணித்துக் காலையிலேயே தின்கிறார்கள். ரசத்துக்கு ரசோன் என்று பேர். முருங்கைக்கீரைக்கு ப்ரெட் மூரூம். நம் சாமான்கள் எல்லாம் பேரை மாற்றிக்கொண்டு அங்கே குடியேறியிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். தமிழில்தான் பாடுகிறார்கள். ஒரு அடி மறப்பதில்லை. அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டாவது அடியில் இருமிக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில், கடையில், சண்டையில் எல்லாம் கிரியோல்தான். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் காலத்தில் வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாத பிரெஞ்சா என்று நினைத்துப் போனேன். முதல் வாரம் பாதி புரிந்தது. எந்தப் பாதி என்பதில்தான் சந்தேகம்.

திங்கட்கிழமை சிவகாமியோடு நிலையத்துக்குப் போனேன். அவள் வகுப்பில் இருப்பாள். பிள்ளை அழுதால் நான் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சி. அதில் உட்கார்ந்துதான் நான் அந்தப் படிப்பை எல்லாம் பார்த்தேன்.

பயிற்சிப் பெண்கள் ஐந்து பேர். அவர்களை மேய்க்க இரண்டு பேர். ஒருவர் முசியே சின்னசாமி. தீவிலேயே பிறந்தவர், கோட்டும் டையும். இன்னொருத்தி இங்கிலாந்திலிருந்து வந்த மிஸ் ஹார்லோ. நீளக் கழுத்து, நரைத்த தலை, தட்டையான செருப்பு.

காலையில் முசியே சின்னசாமியின் முறை. மரி-லூயிஸ் என்ற பெண் குடிகாரப் புருஷனாக நடிக்க வேண்டும். சிவகாமி ஆலோசனை சொல்ல வேண்டும். மரி-லூயிஸ் மாதா கோயில்காரி. அவள் கொள்ளுப்பாட்டி நம் பக்கத்திலிருந்து போனவளாம். நன்றாகவே தள்ளாடினாள்.

"ஐயா, உக்காருங்க," என்றாள் சிவகாமி.

"தப்பு!" என்றார் முசியே. "முதல்ல பேர் கேக்கணும்."

"ஐயா, உங்க பேர்..."

"தப்பு! சிரிச்சுக்கிட்டே கேக்கணும்."

சிரித்தாள்.

"இவ்வளவு சிரிக்கக் கூடாது. ஆளு குடிச்சிருக்கான்ல?"

முப்பது கேள்வி எழுதிக் கொடுத்து, அதே வரிசையில் கேட்கச் சொல்லியிருந்தார். ஏழாவது கேள்வி வருவதற்குள் குடிகாரப் புருஷன் மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். மரி-லூயிஸ் நடித்தாளா, நிஜமாகவே தூங்கினாளா என்று இன்றுவரை தெரியாது.

மத்தியானம் மிஸ் ஹார்லோவின் முறை. அதே நாடகம், அதே பெண்கள், பேச்சு மட்டும் இங்கிலீஷ். அர்த்தம் சிவகாமி பிறகு சொன்னதுதான். அவள் மூலையில் போய் உட்கார்ந்தாள். ஒரு சொல் பேசவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. மேற்பார்வை செய்கிறவள் சுவர் மாதிரி இருக்க வேண்டுமாம். எல்லாம் முடிந்த பிறகு ஒரே கேள்வி. "உனக்கு என்ன தோணுது?" சிவகாமி ஏதோ சொன்னாள். "ம்," என்றாள். மறுபடியும், "அதைச் சொல்லும்போது உனக்கு என்ன தோணுது?" சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

காலையில் ஒருவர் வாயைத் திறக்க விடவில்லை. மத்தியானம் ஒருத்தி வாயைத் திறக்கவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பெண் முதல் சோதனையில் விழுந்திருக்கிறாள். மிஸ் ஹார்லோ மூலையில் உட்கார்ந்திருக்க, முசியேயின் முப்பது கேள்வியையும் மூச்சு விடாமல் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம்.

இந்தப் படிப்பு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருநாள் சாம்பார் இறக்கினேன்.

"உப்பு சரியா இருக்காடி?"

"உனக்கு என்ன தோணுதும்மா?"

"எனக்கு ஒண்ணும் தோணல. நாக்கு உன்னுதுதானே?"

"நான் கேட்டதும் உனக்குக் கோபம் வருது இல்ல?"

மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். விவரம் தெரிந்த மனுஷன்.

இரண்டாவது சோதனைக்கு நாள் குறித்தார்கள். அதுவும் வடக்கே இல்லை. தெரிந்த முகம் இருக்கக் கூடாதாம். தீவின் அடுத்த கோடியில் மாயெபூர். அங்கே தேவகி என்று ஒரு பெண் தானாகவே அந்த ஊர் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் பிளேன் மாக்னியனில் விமானத் திடல் இருக்கிறது. அங்கே உணவுக்கூடத்தில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருக்கிறது. அப்பா விட மாட்டேன் என்கிறார். யாராவது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டும். இதுதான் விஷயம். நிலையத்துக் கடைநிலை ஊழியர் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "உங்க பொண்ணு விஷயமா வெள்ளிக்கிழமை அம்மாமாருங்க வராங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். எங்கிருந்து வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நம் ஜனங்களுக்கு அந்த ஒரு வரி போதாதா?

எங்களுக்கு அது அப்போது தெரியாது.

பிள்ளைக்கு நடுவில் பால் கொடுக்க வேண்டும் என்பதால் நானும் புறப்பட்டேன். கோடாலி முடிச்சும் நூல் புடவையுமாகக் கிளம்பியவளை சிவகாமிதான் நிறுத்தினாள். "மிஸ் ஹார்லோ வருவாங்க. பட்டு கட்டிக்கோ." மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட காஞ்சிபுரம் கட்டிக்கொண்டேன். கிளம்பும்போது கட்டளை ஒன்று போட்டாள். "அம்மா, உன் காலைப் பிடிச்சிக் கேக்கறேன். அங்க வாயைத் திறக்காதே. என் பொழப்பு இதுல இருக்கு."

"நான் ஏன்டி பேசப் போறேன்?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

போர்ட் லூயி வரை ஒரு பஸ். அங்கிருந்து மாயெபூருக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு கிழவர்கள் தீவுக்கு விடுதலை வேண்டுமா வேண்டாமா என்று கட்டிப் புரளாத குறை.

"வெள்ளைக்காரன் போனா நாம செத்தோம்!"

"இருக்கும்போது மட்டும் நீ ரொம்ப உசுரோட இருந்தியாக்கும்!"

"ஆயோ, ரெண்டு பேரும் பேசி முடிங்க, இல்லன்னா இறங்கி முடிங்க," என்றான் கண்டக்டர். இந்த ஆயோ அங்கே சீனன், கிரியோல்காரன், துலுக்கர் எல்லோர் வாயிலும் வருகிறது. நாம் கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அந்தத் தீவே பயிற்சியில்தான் இருந்தது. தேர்தல் வைத்துப் பார்க்கிறார்கள், மந்திரி வைத்துப் பார்க்கிறார்கள். கவர்னர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேறினார்களா இல்லையா என்று சொல்லாமல் இருக்கிறார்.

க்யூர்பீப் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் போன லாரியில் கட்டியிருந்த சங்கிலி அறுந்து கரும்பு முழுக்க ரோட்டில். எல்லோரும் இறங்கினோம். லாரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வந்தவர்கள் உதவிக்குப் போனார்கள். உதவிக்குப் போன ஒவ்வொருவர் கையிலும் திரும்பி வரும்போது ஒரு துண்டுக் கரும்பு. விடுதலை வேண்டும் என்ற கிழவரும் வேண்டாம் என்ற கிழவரும் ஒரே கழியை உடைத்துத் தின்றார்கள். சிவகாமி மட்டும் ரோட்டோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "மிஸ் கார்ல முன்னாடியே போயிருப்பாங்கம்மா. தாமசம்னு எழுதிடுவாங்க."

அவள் பயந்தபடியே மிஸ் ஹார்லோ எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். போனவள் தன் கொள்கைப்படி வாயைத் திறக்கவில்லை. ஆலோசகி வரும்வரை மேற்பார்வைக்காரி சுவர்தானே. அந்த வீட்டார் அவளை நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் தட்டு கொடுத்து, காத்தோ பிமாவும் அல்வாவும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாங்கள் நுழைந்தபோது அவள் தட்டில் மலை மாதிரி பலகாரம். முகம் மட்டும் அதே சுவர்.

வீட்டுக்காரர் பேர் அருணாசலம். ஊர் வழக்கத்தில் அர்னாசலோன். மாயெபூர்ச் சந்தையில் காய்கறிக் கடை. வெள்ளை வேட்டி, விறைப்பாக இஸ்திரி போட்ட சட்டை. "வணக்கம், வாங்கோ வாங்கோ" என்று கும்பிட்டார். அவருடைய தமிழ் அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் கிரியோல். எனக்குப் புரிந்ததையும், சிவகாமி பிறகு சொன்னதையும் சேர்த்துத் தமிழாக்கித் தருகிறேன்.

அவர் முதலில் பார்த்தது என் புடவையை. பிறகு என் மூக்குத்தியை. பிறகு சிவகாமி இடுப்பில் இருந்த பிள்ளையை. "மூத்த பொண்ணா? பேரனா? நல்லது, நல்லது," என்று பெண்டாட்டி பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் உள்ளே ஓடி ஒரு தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரம், குங்குமச் சிமிழ்.

அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சிவகாமிக்கும் விளங்கிவிட்டது.

"ஐயா, நாங்க நிலையத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ரயில்வே நிலையமெல்லாம் இப்ப ஏதும்மா, பஸ்தானே? களைச்சு வந்திருப்பீங்க. முதல்ல தேத்தண்ணி குடிங்க."

"இல்லீங்க, நாங்க வந்த விஷயம்..."

"விஷயம் தெரியும்மா! பெரியவங்க இருக்கும்போது நாம ஏன் அவசரப்படணும்?" என்று என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருக்க இருக்க அவருடைய மரியாதை கூடிக்கொண்டே போனது. பையன் வீட்டார் என்றால் முதலில் பேச மாட்டார்கள் அல்லவா? அதுவும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

மிஸ் ஹார்லோவைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "இந்த மதாம், பையன் வேலை பார்க்கிற இடத்து முதலாளியா?" மிஸ் ஹார்லோ கண்ணைக்கூட அசைக்கவில்லை. அவர் பெண்டாட்டியிடம் சொன்னார். "பெரிய எடம். பேச்சு கம்மியாத்தான் இருக்கும்."

அப்போது தேவகி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கத்திரிப்பூப் பட்டு. பின்னல் இடுப்புக்குக் கீழே. ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தாள். ஆனால் கண்! சிவகாமியை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். அவள் கேட்டது ஆலோசகியை. வந்தது பெண் பார்க்கும் கூட்டம். பாவம், அவளுக்கு எங்களைப் பற்றி வேறு என்ன தோன்றும்?

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். சுந்தரம். முப்பத்து நான்கு வயது, காரைக்காலில் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணம் ஆகவில்லை. எத்தனையோ வீட்டில் நாங்கள் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு வந்தாயிற்று. ஒன்றும் அமையவில்லை. அப்படிப்பட்டவள் முன்னால் ஒரு பெண் பட்டுக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

"பொண்ணு பாட்டு பாடுமா?" என்று கேட்டுவிட்டேன்.

சிவகாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு என்ற சொல் அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும், கோயில் தயவு. அப்பா முகம் மலர்ந்தது. தேவகி பல்லைக் கடித்துக்கொண்டு முருகன்மேல் ஒரு பாட்டுப் பாடினாள். சுருதி சுத்தம். இவ்வளவு கோபமாக ஒரு பக்திப் பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. என் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை பயந்துபோய் அடங்கிவிட்டது. மிஸ் ஹார்லோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, கிரியோலும் தெரியாது. என்னதான் எழுதினாளோ.

பாட்டு முடிந்தது. பையன் என்ன உத்தியோகம் என்று அப்பா என்னைக் கேட்க வாயெடுத்தார். சிவகாமி முந்திக்கொண்டாள். முசியேயின் முப்பது கேள்வியில் ஒன்று கூட இந்த இடத்துக்குப் பொருந்தாது. மூலையைப் பார்த்தாள், மூலை ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"தேவகி, நாங்க எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசறோம். உனக்கு என்ன தோணுது?"

பெண் பார்க்கிற இடத்தில் பாடுவாயா என்று கேட்பார்கள், தைப்பாயா என்று கேட்பார்கள். என்ன தோன்றுகிறது என்று நான் அறிந்து யாரும் கேட்டதில்லை.

தேவகி முதலில் சிவகாமியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல நிலையத்துக்கு வந்து என்ன கேட்டேன்? எங்கப்பாகிட்ட வேலையைப் பத்திப் பேசுங்கன்னு கேட்டேன். நீங்க மாப்பிள்ளையைக் கொண்டு வந்திருக்கீங்க! அதுவும் இந்தியாவிலேர்ந்து! எனக்கு இந்தியா வேணாம். அங்க போய் யாரோட கிரியோல் பேசுவேன்? இந்த அம்மாவோட மகன் ஏன் வரல? முதலாளியம்மாவை அனுப்பிட்டு வீட்ல தூங்கறாரா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மகனை இதுவரை எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று நேரே சொன்னதில்லை. நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம்.

அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "உணவுக்கூடத்துல நான் பரிமாறுவேன். காலைல பஸ், சாயங்காலம் பஸ். சந்தைல உங்க பக்கத்துல உக்காந்து கத்திரிக்கா விக்கும்போது ஊர்ல இருக்கற ஆம்பளை எல்லாம் வந்து என்கிட்டதானே வாங்கறாங்க? அப்ப போகாத மானம் தட்டைத் தூக்கினா போயிடுமா? ஒரு வருஷமா கேக்கறேன். நீங்க ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்ல. பாதிலயே கத்துவீங்க."

அர்னாசலோன் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கத்தவில்லை. பெண் பேச்சில் மாப்பிள்ளை என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் ஏறியிருந்தது. எப்படிக் கத்துவார்? சம்பந்தியாக வரப்போகிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், பையனின் முதலாளி மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நல நிலையத்து அதிகாரி வந்திருந்தால் வாசலோடு துரத்தியிருப்பார். பையன் வீட்டார் முன்னால் பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, பல் தெரியச் சிரித்தபடி, பெண் சொன்னதை எல்லாம் கடைசி வரை கேட்டார். சிவகாமியும் குறுக்கே பேசவில்லை. பேசாமல் இருப்பது என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டிருக்க வேண்டும். பெண் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் விட்டாள்.

அதற்குப் பிறகு நிதானமாகச் சொன்னாள். "ஐயா, நாங்க பொண்ணு பார்க்க வரல. நல நிலையத்துலேர்ந்து வந்திருக்கோம். தேவகி கூப்பிட்டதாலதான் வந்தோம். தட்டைப் பார்த்ததுமே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

"அப்ப இந்த அம்மா?"

"என் அம்மா. பிள்ளையைப் பார்த்துக்க வந்தாங்க."

"பிள்ளையைப் பார்த்துக்க வந்தவங்க பாட்டு பாடுமான்னு ஏன் கேட்டாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரும் பார்த்தது. "எனக்கு ஒரு மகன் இருக்கான்," என்றேன். பொய் இல்லையே.

மிஸ் ஹார்லோ முதல் தடவையாகக் கொள்கையை விட்டாள். "இங்கே என்ன நடக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல அப்போது யாருக்கும் அவகாசம் இல்லை.

அர்னாசலோன் எழுந்தார். இப்போது வெடிப்பார் என்று நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். அவர் ஜன்னலண்டை போய் நின்றார். "கல்யாணமான நாள் முதலா இவ்வளவு நேரம் நான் வாயை மூடிட்டு உக்காந்ததில்ல" என்றார்.

"அதனாலதான் அவ பேசி முடிச்சா," என்றாள் பெண்டாட்டி.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"இல்ல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கறேன்."

அவர் பெண்ணைப் பார்த்தார். "திங்கட்கிழமை நானும் வரேன் பிளேன் மாக்னியனுக்கு. பொண்ணைத்தான் எல்லாரும் வந்து பாக்கறாங்க. வேலையை நான் போய்ப் பாக்கறேன். எடம் எப்படி, அங்க இருக்கறவங்க எப்படி, எல்லாம் பாப்பேன். புடிச்சா சரி. புடிக்கலன்னா மறுபடி கத்துவேன்."

"நான் மறுபடி சொல்லுவேன்," என்றாள் தேவகி.

பலகாரத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். தட்டில் இருந்த வெற்றிலை பாக்கை மட்டும் அந்த அம்மாள் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். வேறு யாராவது வருவார்கள்.

வெளியே கார் பக்கத்தில் மிஸ் ஹார்லோ நின்றாள். சிவகாமி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மறைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு. மிஸ் ஹார்லோ கேட்டுக்கொண்டாள். முகம் பழையபடி சுவர். "உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு தப்பு. தட்டைப் பார்த்ததும் சொல்லாம விட்டது. அம்மாவைக் கூட்டிட்டு வந்தது."

"இரண்டாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசி," என்று சொல்லிவிட்டுக் கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். தேறினாளா, இல்லையா? கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம். சிவகாமி திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். திட்டவில்லை.

"பாட்டு பாடுமான்னு கேட்டியேம்மா, அப்ப உனக்கு என்ன தோணிச்சு?"

"ஒண்ணும் தோணல."

அவள் மறு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, சும்மா இருந்தாள். அவசரப்படவில்லை. எனக்கு அந்தச் சும்மா தாங்கவில்லை. எதையாவது சொல்லி அதை அடைக்க வேண்டும் போல இருந்தது. சுந்தரம் ஆபீஸ் விட்டு வரும்போது நான்தான் கதவைத் திறக்கிறேன் என்றேன். எனக்குப் பிறகு அவனே பூட்டைத் திறந்துகொண்டு இருட்டு வீட்டுக்குள் போவானே என்றேன். எந்தப் பெண்ணைக் காட்டினாலும் "உன் இஷ்டம்மா" என்பான், அவனுக்கு என்ன இஷ்டம் என்று எனக்கே தெரியாது என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றும் நினைத்ததில்லை. சொல்லி முடித்தபோது க்யூர்பீப் வந்துவிட்டது. அங்கே எப்போதும் போல மழைத் தூறல்.

சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தி சொல்லவில்லை. அடிப்பாவி, என்னையே பேச வைத்துவிட்டாளே என்று அப்போதுதான் உறைத்தது. பதினொன்றை வளர்த்தவளிடமே வித்தையைக் காட்டிவிட்டாள். மேலே இருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் பெண் தேறிவிட்டாள் என்று அந்த ஈர ஜன்னல் பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

மேலே இருப்பவர்களும் அடுத்த புதன்கிழமை அதைத்தான் சொன்னார்கள். மிஸ் ஹார்லோ எழுந்து, "ஒரு வீட்டில் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள். ஆலோசகி தன் தவறைத் தானே சொன்னாள். போதும்," என்று உட்கார்ந்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் அன்றுதான் பார்த்தேன். சிவகாமி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜன்னலுக்கு வெளியே நானும்.

ஆனால் முசியே சின்னசாமி ஒரு நல்ல காரியத்தை நல்ல காரியமாக விட்டுவிடுவாரா? மாயெபூர் வெற்றியை அவர் ஆராய்ச்சி செய்துவிட்டார். இனி ஒவ்வொரு பயிற்சிப் பெண்ணும் வீடு பார்க்கப் போகும்போது வயதான அம்மாள் ஒருத்தியைக் கூட்டிப் போக வேண்டும், அந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டியிருக்க வேண்டும், பேசக் கூடாது, தேவைப்பட்டால் ஒரே ஒரு கேள்வி, பாட்டு பற்றி. முப்பது கேள்வியோடு முப்பத்தொன்றாவதாக அதையும் சேர்த்துவிட்டார்.

மரி-லூயிஸ் கை தூக்கினாள். "முசியே, மாதா கோயில் பூசைக்குப் போற வீட்டுக்கும் பட்டுப்புடவைதானா?"

"அதை நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

மரி-லூயிஸ் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாந்தீன், அடுத்த வாரம் எனக்குச் சோதனை. வரீங்களா?" அத்தையைத்தான் அங்கே தாந்தீன் என்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, "பார்க்கலாம்" என்றேன். எனக்கும் கொஞ்சம் கிராக்கி இருக்கட்டுமே.

நான் புறப்படுவதற்குள் செய்தி வந்தது. அர்னாசலோன் உணவுக்கூடத்துக்குப் போய், சமையலறை வரை நுழைந்து, அடுப்பைப் பார்த்து, ஆட்களின் பேரைக் கேட்டு, எல்லோரையும் தொல்லைப்படுத்திவிட்டுச் சரி என்று சொன்னாராம். இப்போது அந்த உணவுக்கூடத்துக்குக் காய்கறி போடுவதும் அவர்தானாம். பெண்ணைக் கண்காணிக்கத் தினமும் ஒரு கூடையோடு போகிறார். தேவகி அவரைக் கண்டுகொள்வதே இல்லையாம்.

காரைக்கால் திரும்பியதும் எனக்கு ஒரு ஆசை. சுந்தரத்துக்குத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, "கல்யாண விஷயத்துல உனக்கு என்னடா தோணுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன், சிவகாமி மாதிரி. அவனும் சும்மா இருந்தான். நான் பொறுத்தேன். அவனும் பொறுத்தான். தோசை தீர்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு, "ஏம்மா, உனக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

நான் விடப் போவதில்லை. தினம் தோசைக்குப் பிறகு கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று, "யோசிக்கிறேம்மா" என்றான். முன்னேற்றம்தான்.

வள்ளி, போதும். பேனாவை வை. இப்போது முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு, நீ எதையும் உன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறாயா என்று பார்க்கிறேன். உன் சித்தப்பா அடுத்த அறையில்தான் இருக்கிறான். அந்தப் பெண் அவனை வேண்டாம் என்று சொல்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் உரக்க வாசி.